எந்த அளவில் நிறுத்துவது? மனிதர் தூண்டும் நிலநடுக்கங்களும் அவற்றை அளக்கும் எண்ணும்

அணையில் நீரைத் தேக்குவதும், ஆழ்துளை வழியே கழிவுநீரைப் பாறைக்குள் செலுத்துவதும், பூமியிலிருந்து எரிவாயுவை எடுப்பதும் நிலநடுக்கத்தைத் தூண்டக்கூடும் என்பது அரை நூற்றாண்டுக்கு முன்பே ஏற்கப்பட்ட செய்தி. அதற்கடுத்த கேள்விக்குத்தான் இன்னும் ஒரே விடை கிடைக்கவில்லை. இதுவரை வந்த சிறு அதிர்வுகளின் அளவைப் பார்த்து, இனி வரக்கூடிய பெரிய அதிர்வின் ஆபத்தைக் கணிக்க முடியுமா? முடியும் என்றால், எந்த எண் வந்ததும் வேலையை நிறுத்த வேண்டும்?

இது ஆய்வுக்கூடத்தோடு முடிகிற கேள்வி அல்ல. உரிமம் வழங்கும் அரசுகள் ஓர் எண்ணை எழுதிக் கொடுத்தாக வேண்டும். இங்கிலாந்தில் பாறை எரிவாயுக் கிணறுகளுக்கு 0.5 என்று எழுதினார்கள். அந்த அளவு அதிர்வு வந்தாலே நீர் செலுத்துவதை நிறுத்தி வைக்க வேண்டும். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ஃபாக்ஸ் கிரீக் பகுதிக்கு 4.0 என்று எழுதினார்கள். இரண்டுக்கும் இடையே 3.5 அலகு. வெளிப்படும் ஆற்றல் என்று பார்த்தால், ஏறத்தாழ ஒன்றே முக்கால் லட்சம் மடங்கு வித்தியாசம். ஒரே வகை வேலைக்கு இவ்வளவு தள்ளி நிற்கும் இரண்டு வரம்புகள் எப்படி வந்தன? மக்கள் தொகை, கட்டடங்களின் தரம், அரசியல் எல்லாம் காரணம்தான். அவற்றோடு, அந்த எண் எதை அளக்கிறது என்பதில் உள்ள தெளிவின்மையும் ஒரு காரணம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கொய்னாவும் டென்வரும்

மகாராஷ்டிரத்தில் 103 மீட்டர் உயரமுள்ள கொய்னா அணையில் 1962-இல் நீர் தேக்கத் தொடங்கினார்கள். சிறு அதிர்வுகள் அதன்பின் உணரப்பட்டன. 1967 டிசம்பர் 11 அதிகாலையில் பெரிய நிலநடுக்கம் வந்தது. உயிரிழந்தோர் ஏறத்தாழ 200 பேர். கொய்னா நகரில் பெரும்பாலான வீடுகள் சேதமடைந்தன. அதன் அளவு 6.3 என்று பெரும்பாலும் குறிக்கப்படுகிறது. சில பட்டியல்களில் அதைவிடக் கூடுதலாகவும் உண்டு. நீர்த்தேக்கம் தூண்டிய நிலநடுக்கங்களில் இதுவரை மிகப் பெரியது இதுவே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து.

அந்த அணைக்குள் இருந்த முடுக்கமானி ஒரு முக்கியமான பதிவை விட்டுச் சென்றது. அணையை வடிவமைத்தபோது புவியீர்ப்பு முடுக்கத்தின் நூற்றில் 5 பங்கு அளவுக்குக் கிடைவிசை வரும் என்று கணக்கிட்டிருந்தார்கள். அன்று அணையின் நீளவாக்கில் பதிவான உச்சம் நூற்றில் 63 பங்கு. குறுக்குவாக்கில் 49 பங்கு. அணையின் மேற்பகுதியில், சரிவு மாறும் இடத்தையொட்டி, விரிசல்கள் விழுந்தன. தக்காணத் தீபகற்பம் அசையாத நிலம் என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று. 1970-இல் இந்தியாவின் நிலநடுக்க மண்டல வரைபடமே மாற்றி எழுதப்பட்டது.

அமெரிக்காவின் டென்வர் நகருக்கு அருகே, ராணுவ ரசாயன ஆலையின் கழிவுநீரை 1962 முதல் சுமார் 3,670 மீட்டர் ஆழக் கிணற்றில் செலுத்தி வந்தார்கள். செலுத்திய நீரின் அளவும் அதிர்வுகளின் எண்ணிக்கையும் சேர்ந்தே ஏறி இறங்குவதை டேவிட் எவன்ஸ் என்ற நிலவியலாளர் சுட்டிக்காட்டினார். 1966 பிப்ரவரியில் செலுத்துவது நின்றது. ஆனால் மிகப் பெரிய அதிர்வுகள் அதற்கு அடுத்த ஆண்டில்தான் வந்தன. குழாயை மூடினால் ஆபத்து முடிந்துவிடும் என்ற எளிய எண்ணத்துக்கு எதிரான இந்தச் சான்றை, பின்னால் வந்த பல திட்டங்கள் போதிய அளவு கவனத்தில் கொள்ளவில்லை.

சுரங்கம் தோண்டும்போது பாறை நொறுங்கும் அதிர்வுகளைத் தமிழர்கள் உடலால் அறிந்த இடம் ஒன்றும் உண்டு. கோலார் தங்கவயலின் 3 கிலோமீட்டரைத் தொட்ட சுரங்கங்களில் நிகழ்ந்த பாறை வெடிப்புகள், அங்கே பெருமளவில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களின் உயிரைப் பறித்திருக்கின்றன.

ரிக்டரின் அளவு: தொலைவுக்காகச் செய்தது

செய்தித்தாள்கள் இன்றும் எழுதும் ரிக்டர் அளவை, சார்லஸ் ரிக்டர் 1935-இல் தெற்குக் கலிபோர்னியாவுக்காக வகுத்தார். வுட்–ஆண்டர்சன் என்ற குறிப்பிட்ட வகை நிலநடுக்கமானி 100 கிலோமீட்டர் தொலைவில் 1 மில்லிமீட்டர் வீச்சைப் பதிந்தால் அது அளவு 3. வீச்சு பத்து மடங்கானால் அளவு ஒன்று கூடும். தொலைவு மாறினால், அதிர்வு எவ்வளவு தேய்ந்திருக்கும் என்பதற்கான திருத்தத்தைச் சேர்க்க வேண்டும். கணக்கு எளிது, சில நிமிடங்களில் முடியும். இதை உள்ளூர் அளவு என்பார்கள்.

எளிமைக்கு ஒரு விலை உண்டு. தொலைவுத் திருத்தம், பத்துகள் நூறுகள் என்ற கிலோமீட்டர் கணக்கில் தள்ளி நின்ற கருவிகளின் பதிவுகளிலிருந்து வந்தது. மனிதர் தூண்டும் அதிர்வுகளோ 2, 3 கிலோமீட்டர் ஆழத்தில் நிகழ்பவை. அவற்றைப் பிடிக்கக் கருவிகளைக் கிணற்றின் தலைமாட்டிலேயே வைக்கிறார்கள். அங்கே அலைகள் வரும் வழி வேறு, தேயும் விதம் வேறு. பழைய திருத்தம் அங்கே பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பொருந்தவில்லை என்பதற்குத் தெளிவான சான்று, இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் நியூ ஓலர்ட்டன் என்ற ஊரில் கிடைத்தது. நிலக்கரிச் சுரங்க வேலையால் 2014-ஐ ஒட்டி அங்கே சிறு அதிர்வுகள் வந்தபோது, தற்காலிகக் கருவிகளை மிக அருகே வைத்தார்கள். ஒரே அதிர்வுக்கு அருகிலிருந்த கருவி ஓர் எண்ணைச் சொன்னது. தொலைவிலிருந்த கருவி ஏறத்தாழ ஓர் அலகு குறைவாகச் சொன்னது. வரம்பே 0.5 என்று இருக்கும் நாட்டில் ஓர் அலகு பிழை என்றால், வேலை நடப்பதும் நிற்பதும் கருவியை எங்கே வைத்தோம் என்பதைப் பொறுத்ததாகிவிடும். பிரிட்டனின் சூத்திரத்தில் அண்மைத் தொலைவுக்கான திருத்தம் பிறகு சேர்க்கப்பட்டது. ஆனால் ஒரு சட்ட வரம்பு அமலுக்கு வந்தபின் அதன் அளவுகோலைத் திருத்த நேர்ந்தது என்பது சாதாரண விஷயமல்ல.

திருப்புத்திறன் அளவு: இயற்பியலுக்கு நெருக்கம், சிறு அதிர்வுக்குத் தொலைவு

இரண்டாவது நிலைப்பாடு, வீச்சை விட்டுவிட்டுப் பாறையில் நடந்ததையே அளக்கலாம் என்பது. 1960-களில் கெய்ட்டி அக்கி முன்வைத்த நிலநடுக்கத் திருப்புத்திறன், மூன்றின் பெருக்கற்பலன்: பாறையின் விறைப்புக் குணகம், வழுக்கிய பிளவுத்தளத்தின் பரப்பு, வழுக்கிய தூரம். இதை மடக்கையாக்கி, பழைய அளவோடு ஒத்துப்போகும்படி ஹாங்க்ஸும் கனமோரியும் 1979-இல் தந்ததே திருப்புத்திறன் அளவு. பெரிய நிலநடுக்கங்களில் உள்ளூர் அளவு ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாமல் தேங்கிவிடும், இது தேங்காது. உலகப் பட்டியல்கள் இன்று இதையே விரும்புகின்றன.

சிறு அதிர்வுகளுக்கும் இதையே பயன்படுத்தினால் என்ன என்று கேட்கலாம். கொள்கையளவில் அதுவே சரி. நடைமுறையில், அளவு 1 உள்ள அதிர்வின் திருப்புத்திறனைக் கணிக்க அலையின் அதிர்வெண் நிறமாலையை ஆராய வேண்டும், இரைச்சல் மறைக்கும், மேல்மண் உயர் அதிர்வெண்களை விழுங்கிவிடும். பம்பை இயக்குபவர் விடைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் இவை எளிதல்ல.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது. இரண்டு அளவுகளும் 4-ஐ ஒட்டி ஏறக்குறைய ஒன்றாகச் செல்கின்றன. 3-க்குக் கீழே இறங்க இறங்கப் பிரிகின்றன. உள்ளூர் அளவு 1.5 அலகு இறங்கும்போது திருப்புத்திறன் அளவு 1 அலகுதான் இறங்குகிறது. மிகச் சிறிய அதிர்வின் அலைத்துடிப்பு, வரும் வழியிலேயே தன் கூர்மையை இழந்து ஒரே அகலத்துக்கு வந்துவிடுவதால் இப்படி ஆகிறது என்று கோட்பாட்டாலும் விளக்கியிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்துத் தரவுகளைக் கொண்டு நிக்கோலஸ் டைக்மன் இதை விரிவாகக் காட்டியவர்.

இதன் விளைவு புள்ளியியலில் தெரியும். ஓரிடத்தில் சிறு அதிர்வுகள் எத்தனை, பெரியவை எத்தனை என்ற விகிதத்தை குட்டன்பெர்க்–ரிக்டர் விதி ஒரு சாய்வாகச் சொல்கிறது. சாய்வு 1 என்றால், ஓர் அலகு ஏறும்போது எண்ணிக்கை பத்தில் ஒன்றாகும். திருப்புத்திறன் அளவில் சாய்வு 1 ஆக உள்ள அதே அதிர்வுக் கூட்டம், உள்ளூர் அளவில், 3-க்குக் கீழே, 0.67 சாய்வைக் காட்டும். கிணற்றருகே கிடைப்பது பெரும்பாலும் சிறு அதிர்வுகளே. அவற்றின் சாய்வை வைத்து, 3-இலிருந்து 5-க்கு நீட்டிக் கணித்தால், அளவு 5 வரும் வாய்ப்பு ஏறத்தாழ நாலரை மடங்கு மிகையாகத் தெரியும். இரண்டு பட்டியல்களைக் கலந்து வைத்தால் பிழை எந்தப் பக்கம் சாயும் என்பதும் தெரியாது. வெளியாகும் ஆபத்து மதிப்பீடுகளில் ஓர் அளவை மற்றதாக மாற்றும் கணக்கு எப்படிச் செய்யப்பட்டது என்ற ஒரு வரியைத்தான் முதலில் தேட வேண்டும்.

உச்ச வரம்பு உண்டா?

அதிகபட்சம் எவ்வளவு பெரிய அதிர்வு வரக்கூடும் என்பதில் ஆய்வாளர்கள் இரு முகாம்களாகவே நிற்கிறார்கள்.

ஆர்தர் மெக்கார் 2014-இல் வலியுறுத்திய கருத்துப்படி, தூண்டப்படும் அதிர்வின் திருப்புத்திறன், பாறையின் விறைப்புக் குணகத்தைச் செலுத்திய நீரின் கன அளவால் பெருக்கி வரும் தொகையைத் தாண்டாது. 10,000 கன மீட்டர் நீர் செலுத்தினால், உச்சம் 3.6-ஐ ஒட்டி வரும். செலுத்தும் அளவைக் கட்டுப்படுத்தினால் ஆபத்தைக் கட்டுப்படுத்தலாம் என்பது இதன் நடைமுறைப் பொருள். அதனால்தான் திட்டங்களை நடத்துவோருக்கு இது உவப்பாக இருந்தது. அதுவரை கிடைத்த பெரும்பாலான நிகழ்வுகள் இந்த வரம்புக்குள்ளேயே அடங்கின என்பதையும் சொல்ல வேண்டும்.

நிக்கோலஸ் வான் டெர் எல்ஸ்ட்டும் கூட்டாளிகளும் 2016-இல் இதை மறுத்தார்கள். நீரின் அளவு எத்தனை அதிர்வுகள் தொடங்கும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. தொடங்கிய ஒன்று எவ்வளவு பெரிதாக வளரும் என்பதை அங்கே ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் பிளவு தீர்மானிக்கிறது என்றார்கள். அப்படியானால், இயற்கை நிலநடுக்கத்துக்கு உள்ள உச்சமே இதற்கும் உச்சம்.

2017 நவம்பர் 15 அன்று தென் கொரியாவின் போஹாங் நகரில் வந்த 5.5 அளவு நிலநடுக்கம் தராசை இரண்டாவது முகாம் பக்கம் சாய்த்தது. அங்கே பூமிவெப்ப மின்திட்டத்துக்காக 2016 ஜனவரி முதல் 2017 செப்டம்பர் வரை ஐந்து கட்டங்களாகச் செலுத்திய நீர் சுமார் 13,000 கன மீட்டர். அதிலும் ஒரு பகுதி திரும்ப வெளியேறியது. முதல் முகாமின் சூத்திரம் தரும் உச்சம் 4-ஐக்கூட எட்டாது. வந்ததன் திருப்புத்திறன் அந்த வரம்பைப் பல நூறு மடங்கு தாண்டியது. மறுநாள் நாடு முழுவதும் நடக்கவிருந்த பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. கொரிய அரசு அமைத்த விசாரணைக்குத் துணை நின்ற வெளிநாட்டு வல்லுநர் குழு, செலுத்திய நீர் இதைத் தூண்டியது என்று 2019 மார்ச்சில் அறிவித்தது.

ஒரே நிகழ்வால் ஒரு சூத்திரம் விழுந்துவிட்டது என்று சொல்வது அவசரமாக இருக்கலாம். கட்டுக்குள் நிற்கும் அதிர்வு ஒரு வகை, பிளவின் இறுக்கத்தைக் கொண்டு தானே ஓடும் அதிர்வு இன்னொரு வகை என்று பிரித்து, முதல் வகைக்கு மட்டும் கன அளவு வரம்பு பொருந்தும் என்ற சமரச விளக்கமும் இருக்கிறது. அது ஏற்கத்தக்கதே. ஆனால் முதல் வகை எப்போது இரண்டாவதாக மாறும் என்பதை முன்னதாகச் சொல்லும் வழி அதனிடம் இல்லை.

விளக்கு முறை: பாசலில் ஒரு நாள்

சாலைச் சந்திப்பு விளக்கைப் போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அதிர்வின் அளவுக்கேற்பச் செயல்படும் கட்டுப்பாட்டு முறை, எல் சால்வடாரின் பெர்லின் பூமிவெப்பத் திட்டத்துக்காக ஜூலியன் பாமரும் குழுவினரும் வகுத்து 2006-இல் வெளியிட்டது. அவர்கள் எடுத்துக்கொண்ட அடிப்படை அளவெண் அல்ல. நிலம் அசையும் உச்ச வேகம். பிறகு பல நாடுகள் முறையை எடுத்துக்கொண்டு அடிப்படையை மாற்றிக்கொண்டன.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அடியில், 5 கிலோமீட்டர் ஆழக் கிணற்றில் நீர் செலுத்தத் தொடங்கினார்கள். 1356-இல் பெரும் நிலநடுக்கத்தால் இடிந்த நகரம் அது. நாளுக்கு நாள் செலுத்தும் வேகம் ஏற, அதிர்வுகளும் ஏறின. டிசம்பர் 8 அதிகாலை 2.6 அளவில் ஒன்று வந்தது. விதிப்படி வேகத்தைக் குறைத்தார்கள், முற்பகலில் நிறுத்தினார்கள். கிணற்றைத் திறந்து அழுத்தத்தை இறக்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோதே, மாலையில் 3.4 வந்தது. அதுவரை செலுத்தியது சுமார் 11,500 கன மீட்டர். அடுத்த இரண்டு மாதங்களில் 3-ஐத் தாண்டி மேலும் மூன்று வந்தன. சுவர்ப்பூச்சு விரிசல் போன்ற சேதங்களுக்கு இழப்பீடாகப் பல மில்லியன் பிராங்க் போயிற்று. திட்டம் 2009-இல் கைவிடப்பட்டது.

விதியை மீறி யாரும் நடக்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. முறை, செய்ய வேண்டியதைச் செய்தது; ஆனால் அதன் அடியில் ஓர் அனுமானம் இருந்தது: நிறுத்தியபின் வருவது நிறுத்தும்போது வந்ததைவிடப் பெரிதாக இராது. டென்வர் அதை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே பொய்யாக்கியிருந்தது. போஹாங்கிலும் 2017 ஏப்ரலில் 3-ஐத் தாண்டிய ஓர் அதிர்வு வந்தது. வேலை பிறகு தொடர்ந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பின்லாந்தில், ஹெல்சிங்கியை ஒட்டிய ஓட்டனியெமியில் 2018-இல் 6 கிலோமீட்டர் ஆழத்தில் 49 நாள்கள் நீர் செலுத்தினார்கள். 18,000 கன மீட்டர் போயும், மிகப் பெரிய அதிர்வு 1.9-இல் நின்றது, சிவப்பு வரம்பு 2.1. ஒவ்வொரு அதிர்வையும் உடனுக்குடன் கணித்து, ஆற்றல் வெளிப்பாடு ஏறும்போதே வேகத்தைக் குறைத்தும் இடைவெளி விட்டும் நடத்தினார்கள். முறையின் வெற்றி என்று இதைச் சிலர் காட்டுகிறார்கள். அங்கே நீர் சென்ற பாறையில் பெரிய, இறுகிய பிளவு இல்லாமற்போனதும் காரணமாக இருக்கலாம். எது எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல இப்போதுள்ள சான்றுகள் போதா.

எண்ணிலிருந்து அசைவுக்கு

இன்னொரு நிலைப்பாடு, அளவெண்ணை நிலத்தின் அசைவுக்கும் அதனால் வரும் சேதத்துக்கும் ஒரு படிக்கல்லாக மட்டும் கொள்ள வேண்டும் என்பது. நெதர்லாந்தின் குரோனிங்கன் இதற்கு வலுவான ஆதாரம். 1963 முதல் எரிவாயு எடுத்த அந்த வயலில், 2012 ஆகஸ்ட் 16 அன்று ஹவுசிங்கே என்ற சிற்றூரில் 3.6 அளவு அதிர்வு வந்தது. இமயமலையடியில் அதைச் செய்தியாகக்கூடப் போடமாட்டார்கள். குரோனிங்கனில் அது வெறும் 3 கிலோமீட்டர் ஆழத்தில், மென்மண்ணுக்கு அடியில், நிலநடுக்கத்தை எண்ணிக் கட்டாத செங்கல் வீடுகளுக்குக் கீழே நிகழ்ந்தது. பதிவான முடுக்கம் புவியீர்ப்பின் நூற்றில் 8 பங்கைத் தொட்டது. ஆயிரக்கணக்கான வீடுகள் விரிசல் கண்டன. உற்பத்தி படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2023 அக்டோபரில் நின்றது. ஸ்பெயினின் லோர்காவில் 2011-இல் வந்தது 5.1 தான், 9 பேர் இறந்தார்கள். நிலத்தடி நீரைப் பல பத்தாண்டுகளாக உறிஞ்சியது அதற்கு வழிவகுத்திருக்கலாம் என்று ஒரு முக்கியமான ஆய்வு வாதிடுகிறது.

எதிர்த்திசையிலும் ஒரு வாதம் உண்டு. கழிவுநீர் செலுத்தியதால் ஓக்லஹோமாவில் 2015-இல் மட்டும் 3-க்கு மேற்பட்ட அதிர்வுகள் சுமார் 900 வந்தன. 2016-இல் பானியில் 5.8 வரை ஏறியது. மக்கள் அனுப்பிய உணர்வறிக்கைகளை ஆராய்ந்த சூசன் ஹஃப், தூண்டப்பட்ட அதிர்வுகள் அதே அளவு இயற்கை அதிர்வைவிடத் தொலைவில் மென்மையாகவே உணரப்பட்டன என்றார். மையத்தின் அருகே அந்தச் சலுகை இல்லை. அதிர்வின்போது பாறை விடுவிக்கும் தகைவு குறைவாக இருப்பதை, ஆழம் குறைவாக இருப்பது ஈடுகட்டிவிடுகிறது என்றே தோன்றுகிறது. ஆக, அருகில் குடியிருப்பவர்களுக்கு ஆறுதல் தர இந்த வாதம் போதாது.

நில அசைவை அடிப்படையாகக் கொள்வதிலும் குறை உண்டு. ஓரிரு கருவிகள் காட்டும் உச்ச வேகம், கருவி இல்லாத தெருவின் கதையைச் சொல்லாது. சேதக் கணக்குக்குக் கட்டடப் பட்டியல் வேண்டும். பல நாடுகளில் அது இல்லை. அளவெண் ஒன்றுதான் எங்கும் கிடைக்கிறது. அதனால்தான் அது நீடிக்கிறது.

தீர்ந்தவையும் தீராதவையும்

சில செய்திகள் உறுதிப்பட்டுவிட்டன என்று கொள்ளலாம். உள்ளூர் அளவும் திருப்புத்திறன் அளவும் சிறு அதிர்வுகளில் ஒன்றல்ல. அண்மைக் கருவிக்குத் தனித் திருத்தம் தேவை. செலுத்துவதை நிறுத்தியபின் பெரியது வரக்கூடும். கன அளவைக் கொண்டு போட்ட உச்ச வரம்பு பாதுகாப்பு உறுதிமொழி ஆகாது.

இறுகிய பிளவு ஒன்று ஆழத்தில் இருக்கிறதா என்பதைச் சிறு அதிர்வுகளைக் கொண்டே முன்கூட்டி அறிய முடியுமா என்பது தீரவில்லை. போஹாங்கில் அதிர்வுகள் ஒரு தளத்தை வரைந்து காட்டின. ஆனால் அது பின்னோக்கிப் பார்த்தபோதே தெளிவாகத் தெரிந்தது. சாய்வின் மாற்றத்தை எச்சரிக்கையாகக் கொள்ளலாம் என்ற யோசனைக்கு ஆதரவும் எதிர்ப்பும் சம அளவில் இருக்கின்றன. நிறுத்தியபின் அதிர்வு எவ்வளவு காலம் தொடரும் என்பதற்கும் பொதுவிதி கிடைக்கவில்லை. கொய்னாவில் 3 கிலோமீட்டர் ஆழ்துளையிட்டும் ஆராய்கிறார்கள். அங்கே அணை நிரம்பி அறுபது ஆண்டுகளாகியும் அதிர்வு ஓயவில்லை.

இந்தியாவில் இது நாளைய கேள்வியாகவும் வரும். லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் பூமிவெப்பத்தை எடுக்கும் முயற்சி தொடங்கியிருக்கிறது. கரியமில வாயுவை நிலத்தடியில் சேமிக்கும் யோசனைகளும் பேசப்படுகின்றன. முதல் துளை போடுவதற்கு முன்பே, குறைந்தது ஓராண்டாவது அந்த இடத்தின் இயல்பான அதிர்வுகளைப் பதிவு செய்ய வேண்டும். நிறுத்த வரம்பு எந்த அளவில் சொல்லப்படுகிறது, எந்தச் சூத்திரத்தில், எந்தத் தொலைவிலுள்ள கருவியைக் கொண்டு என்பதை உரிமத்திலேயே எழுத வேண்டும். பதிவுகள் முழுவதும், அவை வந்த அன்றே, அங்கே குடியிருப்பவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் திறந்து வைக்கப்பட வேண்டும்.